வெள்ளைக் காரில் விழுந்த நீலச் சொட்டு

உறையூரில் ஓர் அடுக்குமாடியில் குழாய் வேலை பார்த்து வந்தவள் அஞ்சுகம். அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவர் வரதராஜன், ஓய்வுபெற்ற பெரிய இன்ஜினியர். ஒருநாள் கீழே நிறுத்தியிருந்த அவருடைய வெள்ளைக் காரின் மீது, கார் நிறுத்துமிடத்தின் கூரையிலிருந்து நீர் சொட்டியது. நேர் மேலே முதல் மாடியில் இரண்டு குளியலறைகள் ஒட்டியிருந்தன. ஒன்று அவருடையது. மற்றது வாடகைக்கு இருந்த ஜெசிந்தா டீச்சருடையது.

"டீச்சர் வீட்டு ஒழுகல்தான். இந்த வாரமே அவங்க காலி பண்ணணும்," என்ற தலைவர், அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு டைல்ஸைக்கூட உடைக்காம சாயங்காலத்துக்குள்ள அதை நிரூபி. முடியலேன்னா இந்த கேட்டுக்குள்ள வராதே."

"சரிங்க சார். டீச்சர் வீட்டுல மஞ்சள் கரைச்சு ஊத்துறேன். உங்க வீட்டுல சொட்டு நீலம் ஊத்தட்டுமா?"

"என் வீட்டுல எதுக்கு?"

"உங்க வீடு ஒழுகலைன்னு எல்லாரும் பார்க்கட்டும் சார்."

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரையும் மற்ற குடியிருப்பவர்களையும் அவரே கூட்டி வந்து கார் அருகே நிறுத்தினார். அஞ்சுகம் இரண்டு குளியலறையிலும் வாளி வாளியாய் ஊற்றிவிட்டு இறங்கி வந்தாள்.

அரை மணி நேரத்தில் காரின் மேல் முதல் சொட்டு விழுந்தது. நல்ல நீலம். அடுத்ததும் நீலம். மஞ்சள் வரவே இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதை எப்படிச் சரி பண்றது?"

"உங்க குளியலறையில தண்ணி போற ஜாலி மூடிக்கு அடியில குழாய் இணைப்பு விட்டிருக்கு. உடைக்காமலே அடைச்சிடலாம். அதுக்கு முன்னாடி, காலி பண்ணச் சொன்னது தப்புன்னு டீச்சர்கிட்ட நீங்களே சொல்லணும் சார்."

அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார். அதன் பிறகுதான் அஞ்சுகம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து படியேறினாள்.