நாற்பத்து மூன்றாவது கூடை

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இது நடந்தபோது ராஜா வேட்டைக்குப் போயிருந்தார். ஆகவே கிணறு வெட்டும் வேம்பனிடமிருந்து தொடங்குகிறேன், கேளுங்கள்.

செம்பாறை என்ற ஊரில் மூன்று வருஷம் மழை இல்லை. ஊருக்குப் பொதுக்கிணறு வெட்ட வேம்பன் இறங்கினான். பத்து ஆள் ஆழம் போனபோது பக்கச் சுவர் சரிந்தது. ஒரு பாறை அவன் காலை அழுத்திக்கொண்டது. தலைக்கு மேல் ஒரு பலகைக்கல் சாய்ந்து நின்றதால் உயிர் தப்பியது. அதற்கும் மேலே ஒரே மண்மேடு. ஓர் இடுக்கு வழியாக மூச்சும் குரலும் மட்டும் போய்வந்தன.

ஊரே ஓடிவந்தது. இரண்டு பேர் இறங்கி மண்ணை வார, மற்றவர்கள் கூடை கூடையாக இழுத்தார்கள். கிணற்று வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூடை மேலே வந்ததும் இழுப்பவர்கள் அதன் எண்ணைக் கூவுவார்கள், அடியில் இருப்பவன் “ஆகட்டும்!” என்பான். மண்ணுக்குள் கிடந்த வேம்பனும் வழக்கத்தை விடவில்லை.

சும்மா நின்றவர்களுக்குப் புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா? பஞ்சாங்கக்காரர் வந்து, “வெட்டி முடித்த பழைய கிணறுகளை நினைத்துக்கொள்” என்றார். மணியக்காரர் வந்து, “வெளியே வா, உனக்குத் தென்னந்தோப்பு எழுதித் தருகிறேன்” என்றார். அந்தத் தோப்பு இன்றுவரை எழுதப்படவில்லை, அது வேறு கதை.

மூன்றாவதாகக் கணமுனிவர் வந்தார். எதற்கெடுத்தாலும் ‘இந்தக் கணத்தில் இரு’ என்பவர். அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர்தான், பொய்யில்லை. “வேம்பா, நேற்றை விடு, நாளையை விடு. மூச்சைப் பார். இந்தக் கணத்தில் இரு” என்றார்.

வேம்பன் மூச்சைப் பார்த்தான். கொஞ்ச நேரம் வலி தணிந்தது. பிறகு பாறை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

“சாமி, இந்தக் கணத்துலதானுங்க கல்லு எங்காலு மேல கெடக்குது. நேத்து அது இல்லீங்க. நாளைக்கும் இருக்காதுன்னு நம்பறேனுங்க. எங்கிட்ட இருக்கறதுலயே மோசமானது இந்தக் கணந்தானுங்க” என்றான்.

முனிவர் தலையை ஆட்டினார். “இந்தக் கூச்சலில் அவன் மனம் எப்படி நிலைக்கும்? எண்ணைக் கூவாதீர்கள்” என்று கட்டளையிட்டார். பெரியவர் வாக்கு ஆயிற்றே! எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இழுத்தார்கள். மண் வாரும் சத்தம் பலகைக்கல்லுக்கு அடியில் எட்டவில்லை. வேம்பனும் அடங்கிப்போனான்.

“பார்த்தீர்களா, அமைதி அடைந்துவிட்டான்” என்றார் முனிவர்.

வேம்பனின் மனைவி பூவாத்தாள் கிணற்று வாயில் குப்புறப் படுத்தாள். “மாமா!” என்று மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை.

“அது அமைதியில்லீங்க சாமி. எல்லாரும் உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சுட்டாரு!” என்று எழுந்தவள், கயிற்றைத் தானே பிடித்து இழுத்தாள்.

“நாப்பத்தொண்ணு!” என்று கூவினாள். பதில் இல்லை.

“நாப்பத்திரெண்டு!” பதில் இல்லை.

“நாப்பத்தி மூணு!” என்று ஊரே சேர்ந்து கூவியது. இடுக்கு வழியாக ஈனக்குரலில் வந்தது: “ஆகட்டும்!”

கணமுனிவர் அங்கேயே நின்று அழுதார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கை கொப்புளித்தபோது அவருக்கும் ‘அடுத்த கூடை எப்போது வரும்’ என்ற நினைப்புதான் வந்தது, பாவம்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் வேம்பனை வெளியே எடுத்தார்கள். கால் நசுங்கியிருந்தது, ஆள் பிழைத்தான். முனிவர் அவன் அருகில் உட்கார்ந்து, “நான் சொன்னது உனக்கு உதவியதா அப்பா?” என்று கேட்டார்.

“மூச்சைப் பாக்கச் சொன்னீங்களே, அது ஒரு நாழி தாங்குச்சுங்க சாமி. மத்த நேரமெல்லாம் கூடைதானுங்க தாங்குச்சு” என்றான் வேம்பன்.

துன்பத்தில் சிக்கியவனிடம் இந்தக் கணத்தில் இரு என்று உபதேசிப்பதைவிட, அடுத்த கணத்திலும் நாம் அவனுக்காக இருப்போம் என்பதை அவன் காதில் விழச் செய்வதே அறம்.