சந்தைச் சுவரும் சந்தேகச் சட்டமும்

வேம்பாற்றுச் சீமையை வீரகேது ஆண்ட காலத்தில், சந்தைத் தெருவில் உமையாள் என்பவள் சத்திரம் நடத்தினாள். சத்திரத்தின் வெள்ளைச் சுவரில் யார் வேண்டுமானாலும் கரியால் எழுதலாம். படகு கிளம்பும் நேரம், மாப்பிள்ளை தேவை, எல்லாம் அங்கேதான்.

ஒரு நாள் யாரோ, "அமைச்சர் சாப்பிட்ட மிச்சம்தான் அரண்மனைக்கு" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அமைச்சர் கோவிந்தராயர் கொதித்துப்போய் உமையாளைச் சபைக்கு இழுத்துவந்தார்.

"நான் எழுதவில்லை அரசே. அதைப் பார்க்கவும் இல்லை" என்றாள் அவள்.

"சுவர் உன்னுடையது. அதனால் சொல்லும் உன்னுடையது" என்றார் அமைச்சர். மன்னரும் தலையாட்டினார். இனி சுவரில் தப்பாக ஒரு வார்த்தை இருந்தாலும் உமையாளுக்குச் சிறை, சத்திரம் பறிமுதல்.

சபையில் இருந்த விகடகவி சொக்கப்பன் பணிவாகக் கேட்டான். "எது தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

"சந்தேகம் வந்தால் அழிக்கட்டும்" என்றார் அமைச்சர்.

வெளியே வந்த உமையாள் சொக்கப்பனிடம் ஓடினாள். "எனக்கு இருப்பது அந்தச் சத்திரம் ஒன்றுதான் ஐயா."

"பயப்படாதே அம்மா. அமைச்சர் சொன்னதை அப்படியே செய். ஒரு எழுத்துகூட விடாதே" என்றான் சொக்கப்பன்.

"தின்று கொழுத்த எருமை காணவில்லை" என்று ஒருவன் எழுதினான். அமைச்சரைச் சொல்கிறானோ? உமையாள் சுண்ணாம்பு அடித்தாள். "ஓட்டைப் படகு விற்பனைக்கு" என்றான் இன்னொருவன். ராஜ்ஜியத்தைச் சொல்கிறானோ? அதற்கும் சுண்ணாம்பு. எருமை கிடைக்கவில்லை, படகு விற்கவில்லை. சந்தை திணறியது.

மன்னரின் பிறந்தநாள் வந்தது. சுவரெல்லாம் தம் புகழ் என்று கேள்விப்பட்டு, அமைச்சரும் சபையும் சூழ யானைமேல் வந்தார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என் புகழை அழித்தது யார்?"

சொக்கப்பன் முன்னே வந்தான். "'கொடையில் மன்னர் மழை' என்று எழுதியிருந்தார்கள் அரசே. இந்த வருடம் மழையே இல்லை. புகழ்ச்சியா, கேலியா? அவளுக்குச் சந்தேகம். அழித்துவிட்டாள்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் யானையின் காலைப் பார்த்தார்.

"சட்டத்தை மாற்றுகிறேன்" என்றார் மன்னர். "எழுதியவனே பொறுப்பு. தப்பென்று சபை விசாரித்துச் சொன்ன பிறகும் அழிக்காவிட்டால்தான் சுவர்க்காரி பொறுப்பு."

உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

யானையைத் திருப்பச் சொன்னவர், ஆசை விடாமல் கேட்டார். "வேறு என்ன எழுதியிருந்தார்கள்?"

"'அழகில் மன்னர் மன்மதன்' என்று, அரசே."

"அதிலும் அவளுக்குச் சந்தேகமா?"

"இல்லை அரசே. அதை மட்டும் சந்தேகமே இல்லாமல் அழித்தாள்."

மன்னர் சிரித்த சிரிப்பில் யானையே ஒரு அடி நகர்ந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பனிடம் வீசினார்.