முதலாளி உடைத்த பூசணிக்காய்

செங்கல் சூளை முதலாளி அருணகிரி, பதினாறு வருஷம் ஓடிய பிக்கப் வண்டியை ஓர் உதை விட்டு டிரைவர் மாசானத்திடம் சொன்னார்:

"செலவுக்கு ரெண்டாயிரம் ரூபாய் தர்றேன். பத்து நாள்ல எவனாவது இதைப் புது வண்டின்னு சொல்லணும். சொன்னா வண்டி உனக்கே. இல்லைன்னா வேலையை விட்டுப் போயிடு."

மாசானம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். மச்சானின் ஸ்பிரே கன்னை இரவல் வாங்கி நீலப் பெயிண்ட் அடித்தான். கிழிந்த சீட்டுக்கு மனைவி பழைய சேலையில் உறை தைத்தாள்.

பத்தாம் நாள் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நம்பர் பிளேட்டை மறைத்துச் சாமந்தி மாலை. பூசாரி முதலாளியிடம் போனார். "ஒரு வண்டிக்குப் பூஜைங்க. பூசணிக்காய் உடைக்க உங்க கைராசிதான் வேணுமாம்."

கைராசி என்றதும் முதலாளி பறந்து வந்தார். தெருவே கூடி நிற்கக் காயை உடைத்தார். பானெட்டைத் தடவினார்.

"புது வண்டின்னா இப்படியில்ல இருக்கணும்! என்கிட்டயும் ஒரு ஓட்டை கிடக்குதே!"

வண்டிக்குப் பின்னாலிருந்து வந்த மாசானம் மாலையை மெல்லத் தூக்கினான். தன் வண்டி நம்பரைப் பார்த்த முதலாளி பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நான் எங்கடா புதுசுன்னு சொன்னேன்?"

"சொன்னீங்க!" என்றது மொத்தத் தெருவும்.

மாசானம் கும்பிட்டான். "கைராசியை விட உங்க வாய்ராசி பெருசு, ஐயா. ஆர்.சி. புக்கை எப்போ என் பேருக்கு மாத்தலாம்?"