ஒரு பிடி அரிசி எந்த நாட்டுக்காரன்?

முதலில் கேட்டது சாரத்து மூங்கில் முறியும் சத்தம். அடுத்து, மூட்டையைத் தரையில் போட்டதுபோல் தொப்பென்று ஒரு சத்தம். சுண்ணாம்புத் தொட்டியில் மண்வெட்டியோடு நின்ற நிங்கவ்வா நிமிர்ந்து பார்ப்பதற்குள்ளேயே, விழுந்தது தன் புருஷன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இது வெகுகாலத்துக்கு முன்னால், சோமநல்லூர் தேசத்தைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டபோது நடந்தது. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளித்துவிட்டு, மத்தியானம் அதற்குத் தீனி போடவில்லை என்று அவனையே சிறையில் தள்ளும் ராஜா. அவருடைய கோட்டையைக் கட்டியவர்களில் பாதிப்பேர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த அயல்தேசத்தார்.

சோமநல்லூரில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அந்தியில், கூலி அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும். கை கால் முறிந்தாலோ உயிர் போனாலோ அந்தக் குடும்பத்துக்கு அங்கிருந்து அரிசி. நிங்கவ்வாவும் மல்லப்பாவும் பன்னிரண்டு வருஷம் போட்டவர்கள். இப்போது மல்லப்பாவுக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன, கேட்கப் போனாள்.

போடுவதற்கு எல்லோரும் உண்டு, எடுப்பதற்கு நம் நாட்டார் மட்டும்தான் என்றார் களஞ்சியத் தலைவர் பெருந்தேவர். அவளுடைய மூன்று பெண்களும் அக்கரையில் சித்தி வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அரிசிக்கு நீச்சல் தெரியாதம்மா."

அமைச்சர் சீராளர்தான் அவளைச் சபைக்கு அழைத்துப் போனார். அவர் எதைச் சொன்னாலும் பெருந்தேவருக்கு வயிறு எரியும். அதனாலேயே அன்று பெருந்தேவர் இரண்டு மடங்கு எதிர்த்துப் பேசினார். சொக்கட்டான் ஆடிச் சலித்துப்போயிருந்த ராஜாவுக்கோ உற்சாகம் பிறந்தது. நாளை அந்திக்குள் கேள்வி கேட்டே பெருந்தேவரின் வாயை அடைத்தால் அவள் கேட்டது கிடைக்கும், தவறினால் நொண்டிப் புருஷனோடு நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்றார். அன்று முழுக்க நிங்கவ்வா அக்கரைக்காரர்களின் குடிசை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

மறுநாள் அந்தி. களஞ்சியத்து வாசலில் ராஜா, அமைச்சர், பெருந்தேவர். வரிசையின் முதலில் நிங்கவ்வா, பின்னால் முந்நூறு அக்கரைக்காரர்கள். எல்லோர் கையிலும் அரிசி, எல்லாக் கையும் இறுக்கி மூடியபடி.

"திற கையை," என்றார் பெருந்தேவர்.

"இது எந்த நாட்டு அரிசி சாமி? எங்களுதுன்னா உங்க களஞ்சியத்துல எப்படிப் போடறது?"

பெருந்தேவர் பின்னால் நின்ற முந்நூறு கைகளையும் பார்த்தார். "உள்ளே விழுந்த நொடியே அது நம்ம நாட்டு அரிசி."

"அப்போ, பன்னிரண்டு வருஷம் இங்கேயே உழைச்சு, இந்த மண்ணுலயே விழுந்த மனுஷன் மட்டும் ஏன் இன்னும் அயல்நாட்டான்?"

பெருந்தேவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கடைசியில் ஒன்று தேடிப் பிடித்தார்: சரி, கால் முறிந்தவன் இங்கே தின்னட்டும், அக்கரையில் இருக்கும் அவன் பெண்களுக்கு எப்படி அனுப்புவது?

"இளவரசியை அக்கரையில்தானே கட்டிக்கொடுத்திருக்கிறோம்," என்றார் சீராளர் மெதுவாக. "வருஷா வருஷம் ஆடிச் சீர் நீந்தியா போகிறது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிடி போட்டவர் யாராயினும், அவர் பிள்ளைகள் எங்கிருந்தாலும் பங்கு உண்டு என்று கல்லில் வெட்டச் சொன்னார். அடியில், இது ராஜா தாமே யோசித்தது என்றும் வெட்டச் சொன்னார். மாதாமாதம் அக்கரைக்கு மூட்டை சுமந்து போகும் பொறுப்பு பெருந்தேவருக்கு.

பெருந்தேவர் முகம் வெளுத்தது. "அரசே, அங்கே நான் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்?"

"அந்த நாட்டுக் களஞ்சியத்தில் ஒரு பிடியாவது போட்டிருக்கிறீரா?" என்று கேட்டார் சீராளர்.

முந்நூறு கைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. நிங்கவ்வா தன் பிடியைப் போட்டாள், குடிசைக்குப் போய் மல்லப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தாள். விடிந்ததும் கோட்டைக்குப் போனாள். தொட்டியில் சுண்ணாம்பு இறுகிக் கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் குழைக்கத் தொடங்கினாள்.