நானூற்றைம்பது வாட்

பஞ்சாலை மூடிய பிறகு, ஐம்பத்து நான்காவது வயதில், செல்லத்துரை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வந்தார். பாளையங்கோட்டையில் கடை வைத்திருந்த பர்வீனுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், வியர்க்க வியர்க்க ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்தார். பின்னாலேயே அதன் சொந்தக்காரி லூர்துமேரி. காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் நடத்தி, வீடியோவாக்கி அனுப்புகிறவள். திங்கட்கிழமை பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை. கடைசிப் பாடத்தை வீடியோவாக்கத் தொடங்கினால், பாதியில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடுகிறது.

"நேத்துதான் புது பவர் சப்ளை போட்டேன் டீச்சர். ஐந்நூறு வாட். எல்லாத்தையும் கூட்டினாலும் முந்நூறுதான் வருது. பிறகு ஏன் பாதியில நிக்குது?"

பர்வீன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பவர் சப்ளையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"பக்கத்துல பொடி எழுத்து இருக்கு. வாசிங்க."

செல்லத்துரை கண்ணாடியை மாட்டினார். "மூணு புள்ளி மூணு வோல்ட், இருபத்தெட்டு ஆம்பியர். அஞ்சு வோல்ட், முப்பது ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்..."

"எவ்வளவு?"

"பதினெட்டு."

"பெருக்குங்க."

"இருநூத்திப் பதினாறு வாட்."

"பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எதுல ஓடுது?"

"பன்னிரண்டுல." அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டும் முழு வேகத்துல ஓடினா இருநூத்தைம்பது வேணும்."

"மிச்ச வாட்டெல்லாம்?"

"மத்த ரெண்டு வோல்ட்டுலயும் கிடக்கு. இதுகளுக்கு ஆகாது."

பர்வீன் இரண்டு புதுப் பவர் சப்ளைப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில் அறுநூறு என்று பெரிதாகச் சிவப்பில் அச்சடித்திருந்தது. மற்றதில் நானூற்றைம்பது.

"நான் தொழுதுட்டு வாரேன். நீங்களே பாத்துப் போட்டுருங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். செல்லத்துரை இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார். அறுநூறில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு இருபது ஆம்பியர். நானூற்றைம்பதில் முப்பத்தாறு.

"சின்னதையா அண்ணாச்சி போடுதீங்க?" லூர்துமேரி பதறினாள்.

"ஆமாம்மா. இது தாங்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, திருகாணியை முடுக்குமுன் அந்தப் பொடி எழுத்தை இன்னொரு முறை வாசித்துக்கொண்டார். கடைசிப் பாடம் வீடியோவாகத் தொடங்கியது. பாதியைக் கடந்தது. முக்காலைக் கடந்தது. நாற்பதாவது நிமிடம் முழுதாக முடிந்து நின்றது.

லூர்துமேரி அங்கேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் அவள் போனில், வீடியோ காலில், ஒரு பெண் பிள்ளை. விரல் நுனிகளை மோவாயில் வைத்து முன்னால் நீட்டினாள்.

"நன்றின்னு சொல்லுதா. உங்களுக்குத்தான்."

செல்லத்துரை தட்டுத்தடுமாறி அதேபோலச் செய்தார். பிள்ளை சிரித்தது.

லூர்துமேரி போன பிறகு, தொழுகை முடிந்து வந்திருந்த பர்வீன் பக்கம் அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இந்த வயசுல என்னை எந்தக் கடையிலயும் சேக்கல. நீங்க சேத்தீங்க. இத நான் மறக்கவே மாட்டேன் டீச்சர். ஆனா மொத்தமா எனக்கு என்னதான் தெரியும்?"

பர்வீன் நானூற்றைம்பது என்று போட்டிருந்த காலிப் பெட்டியை மடித்து வைத்தாள்.

"மொத்தத்தை இன்னைக்கு யாரு கேட்டா அண்ணாச்சி?"