பொடவுக்குள்ள வச்ச கற்பூரம்

"குனிஞ்சு நுழைஞ்சவன் நிமிந்து வருவான், நிமிந்து நுழைஞ்சவன்..." எங்க பெரியப்பா ஒரு சொலவடை சொல்லுவாரு. மிச்சம் என்னமோ நல்லாத்தான் இருக்கும், நெனப்புக்கு வர மாட்டேங்குது. சரி, விடு. போர்வைய இழுத்துக்க. காலை என் மேல போடாத, கனக்குது. கதை சொல்றேன், "ம்" கொட்டணும். ஆச்சா?

ஒரு ஊர்ல ஒரு மாயழகு இருந்தான். டிராக்டர் ஓட்டுறவன். அந்த ஊரு இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் தலைவரு. மன்றம்னா பெரிய கட்டடம்னு நெனச்சுக்காத. ஒரு கேரம் போர்டு, ஒரு டியூப் லைட்டு, கொஞ்சம் இளவட்டம். அம்புட்டுதான். ஆனா அந்தக் கோடையில அந்த இளவட்டங்க ஒரு காரியம் பண்ணுச்சுங்க. ஊருணி பூரா மண்டிக் கெடந்த கருவேல முள்ள வேரோட வெட்டி எறிஞ்சுட்டாங்க! கையெல்லாம் கீறலு, காலெல்லாம் முள்ளு. வேலை முடிஞ்ச அன்னைக்கு மாயழகு பூரிச்சுப் போய்க் கேட்டான்: "என்னடா வேணும் உங்களுக்கு? பிரியாணியா, சினிமாவா?"

அப்போ ஒச்சம்மான்னு ஒரு பிள்ளை. காலேஜுல படிக்குது, வாய் ஓயாது. அது சொல்லுச்சு: "பிரியாணிய எப்ப வேணாலும் திங்கலாம்ணே. ஆந்தமலைப் பொடவுக்குள்ள கூட்டிட்டுப் போங்க."

பொடவுன்னா என்னன்னு தெரியுமா? மலைக்கு உள்ள போற குகை. நம்ம பக்கம் பொடவுன்னுதான் சொல்றது. ஆந்தமலைப் பொடவோட கடைசிக் கூடத்துல பாறையெல்லாம் நட்சத்திரமா மின்னும்னு ஊருக்குள்ள பேச்சு. அதுவரைக்கும் போய்ப் பாத்தவன் மாயழகு ஒருத்தன்தான்.

ம்? ம், சொல்லு.

அப்புறம், கிளம்புற அன்னைக்குத் தெருமுனையில அம்மாமாரெல்லாம் கூடிட்டாங்க. அதுல விருமாண்டியோட அம்மாவும் ஒன்னு. விருமாண்டி யாருன்னா, ஒச்சம்மாவுக்கு மாமா முறை, ஆளு ஆனைக்குட்டி, மனசு இலவம்பஞ்சு. அந்தம்மா சொல்லுச்சு: "ஏப்பா மாயழகு, தலைய எண்ணித் தர்றோம். எண்ணித்தான் திருப்பி வாங்குவோம். ஒரு தலை கொறஞ்சாலும் நீ இந்தத் தெருவுல நடக்க முடியாது, பாத்துக்க." சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஆனா மாயழகு அதை விளையாட்டா எடுத்துக்கல. அத்தனை பேரையும் முழுசாக் கொண்டாந்து சேத்துரணும். அவனுக்கு அந்த ஒரே நெனப்புதான்.

அப்போ அவன் என்ன பண்ணுனான், கயிறு எடுத்தான், தலையில மாட்டுற லைட்டு எடுத்தான். உள்ள வழி பிரியுமே, அடையாளம் வைக்கச் சாக்பீஸு கேட்டா கடையில இல்ல. கற்பூரம் இருந்துச்சு. வெள்ளையாத்தான இருக்கு, லைட்டு அடிச்சா பளிச்சுன்னு தெரியும்னு ஒரு டப்பா வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்லல.

போனாங்க, போனாங்க. பொடவு வாய்க்குள்ள கால வச்சதும் சில்லுன்னு ஒரு காத்து. முதல்ல வந்துச்சு வௌவால் கூடம். விர்ர்ர்ர்! படபடபட! தலைக்கு மேல ஆயிரம் குடைய ஒரே நேரத்துல விரிச்ச மாதிரி. தரை ஒழுங்கா இருக்காது. அங்கங்க ஆளை முழுங்குற பள்ளம். "ஒருத்தன் இடுப்ப ஒருத்தன் பிடிச்சுக்கங்கடா!"ன்னு மாயழகு கத்த, ரயிலு மாதிரி கோத்துக்கிட்டுத் தாண்டிட்டாங்க.

ரெண்டாவது வந்துச்சு ஆட்டுக்கழுத்து. அந்த இடுக்குக்குப் பேரே அதுதான். ஒரு ஆடு கழுத்த நுழைக்கிற அளவுதான் இருக்கும், நெஞ்சு தேயத் தவழணும். மாயழகு போனான், மத்தவங்க போனாங்க, விருமாண்டி போனான். போகல! நடுவுல சொருகிக்கிட்டான்.

"டேய், நேத்து எத்தனை புரோட்டாடா?"ன்னு சுருளி கேக்குறான். அந்தக் கூட்டத்துலயே வம்பு பிடிச்சவன் அவன்.

"எண்ணலடா."

"நீ எண்ணல, மலை எண்ணிருச்சு!"

மாயழகு முன்னாடி இருந்து கயித்தப் பிடிச்சு இழுக்குறான். அசையல. ஒச்சம்மா பின்னாடி இருந்து ரெண்டு கையாலயும் தள்ளுது. இழுத்தா மட்டும் வரல, தள்ளுனாத்தான் வர்றான். தம் கட்டித் தள்ளுச்சு பாரு, ப்ளக்! சோடா மூடி மாதிரி விருமாண்டி வெளிய வந்து விழுந்தான். அப்படி ஒரு சிரிப்பு!

மூணாவதா வந்துச்சு வழி பிரியிற எடம். ஒன்னு பிரிஞ்சு மூணாகும், அந்த மூணும் திரும்பப் பிரியும். ஒவ்வொரு முக்குலயும் மாயழகு பாறை இடுக்குல ஒரு கற்பூரத்த வச்சுட்டு முன்னால போயிக்கிட்டே இருந்தான். நடுவுல வாசம் வந்துச்சு. பையில இருக்குற டப்பா வாசம்னு நெனச்சுக்கிட்டான்.

அப்புறம்... கடைசிக் கூடம்! அடேயப்பா! லைட்டத் தூக்கி அடிச்சா, மேல, கீழ, சுத்திச் சுத்தி, மினுக்கு மினுக்கு மினுக்கு! உப்பையும் சீனியையும் அள்ளி எறிஞ்சு ஒட்ட வச்ச மாதிரி. நடுவுல ஒரு ஊத்து, அடி தெரியிற தண்ணி. வாய் ஓயாத ஒச்சம்மா வாயே திறக்கல. சுருளி அதப் பாத்து, "பொடவு ஜெயிச்சிருச்சுடா!"ன்னான். எல்லாரும் ஆட்டம், கூச்சல். ஓய்ன்னா, ஓய் ஓய் ஓய்ன்னு பாறை திருப்பிச் சொல்லுது.

அப்போதான் மாயழகு ஊத்தைப் பாத்தான். தெளிஞ்ச தண்ணி செம்மண்ணாக் கலங்குது. குபுகுபு குபுகுபுன்னு பொங்குது. அவனுக்குப் புரிஞ்சு போச்சு: வெளிய மழை. மலையில விழுற தண்ணியெல்லாம் உள்ள வருது.

"ஆடுனது போதும். கிளம்பு, கிளம்பு!"

திரும்பி ஓடியாந்தா, மூணு வாய். மூணும் ஒரே மாதிரி. லைட்டு அடிக்கிறான், கற்பூரத்தக் காணோம்! மாயழகு திரும்பி எல்லாரையும் பாத்துக் கத்துனான்.

"எவன்டா எடுத்தது கற்பூரத்த?"

எல்லாருக்கும் கடைசியா வந்த ஒச்சம்மா மெதுவாச் சொல்லுச்சு: "எடுக்கலண்ணே. கொளுத்திட்டேன்."

"கொளுத்திட்டியா? ஏம்மா?"

"சாமிக்கு வச்சுட்டுக் கொளுத்த மறந்து போறீங்கன்னு நெனச்சேன். தீப்பெட்டி கையில இருந்துச்சு. ஒவ்வொன்னாக் கொளுத்தி, கும்பிட்டு வந்தேன். கற்பூரத்த வேற எதுக்குண்ணே வைப்பாங்க?"

சுருளி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "நல்லா வேண்டிக்கிட்டியா? இப்ப அதுதான் நமக்கு வேணும்."

தண்ணி காலுக்குக் கீழ சலசலன்னு வந்துருச்சு. அப்போ விருமாண்டி மூக்க உறிஞ்சி மோந்து பாத்தான். "அண்ணே, இந்த வாயில கோயில் வாசம் அடிக்குது." ஓடிப் போய் லைட்டு அடிச்சா, பாறையில கரி! கற்பூரம் எரிஞ்ச கரி, கட்டைவிரல்ல மையத் தொட்டு வச்ச மாதிரி. ஒச்சம்மா குதிச்சுருச்சு. "எங்கெங்க கும்பிட்டேன்னு எனக்குத் தெரியும், வாங்க!"ன்னு முன்னாடி ஓடுது. ஒரு கரி, இன்னொரு கரி, இன்னொரு கரி!

என்ன, என் கையப் பிடிச்சு இறுக்குற? பயமா இருக்கா? இப்பவே சொல்லிடுறேன், எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. வந்து மலையடிவாரத்துல சுடச்சுட வாழக்கா பஜ்ஜி தின்னாங்க. விருமாண்டி எத்தனை தின்னான்னு கேக்காத. எப்படி வந்தாங்கன்னுதான் இனிமே கதை.

அப்புறம், ஆட்டுக்கழுத்து. அங்க வந்து நின்னா, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. மாயழகு யோசிக்கிறான். விருமாண்டிய முதல்ல விட்டா, பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி அடைச்சுக்குவான், மத்தவங்க எல்லாம் தண்ணியில மாட்டிக்குவாங்க. கடைசியா விட்டா, பின்னாடி இருந்து தள்ள ஆளில்ல.

விருமாண்டிக்கே அது புரிஞ்சுருச்சு. "அண்ணே, நீங்க எல்லாம் போங்க. மழை விட்டதும் நான் வர்றேன்."

"ஆமா, மழை உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் விடும். வாய மூடு மாமா"ன்னுச்சு ஒச்சம்மா.

சுருளி மாயழகு கையப் பிடிச்சான். "அண்ணே, நீங்க முன்னாடி போங்க. அங்கிட்டு வௌவால் கூடத்துல பள்ளம் கெடக்கு. வழி தெரிஞ்சவரு நீங்கதான். நான் இவனத் தள்ளுறேன்."

மாயழகு சுருளியப் பாத்தான். ஒல்லிக்குச்சி. விருமாண்டியப் பாத்தான். தண்ணியப் பாத்தான். அது முழங்காலத் தாண்டி ஏறிக்கிட்டு இருந்துச்சு.

ம் சத்தம் எங்க? தூக்கம் வந்துருச்சா? சரி, கதை கரைக்கு வந்தாச்சு, கண்ணு உறக்கத்துக்கு வந்தாச்சு. இதக் கேட்டுட்டு அப்படியே தூங்கிடு, தங்கம்.

மாயழகு தலையில இருந்த லைட்டக் கழட்டி ஒச்சம்மா தலையில மாட்டி, கயித்து நுனிய அது கையில கொடுத்து, பள்ளத்துக்கிட்ட வந்த மாதிரியே இடுப்பப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுங்கன்னு சொல்லி, முதல்ல அனுப்புனான். அது பின்னால ஒவ்வொருத்தராப் போனாங்க. சுருளியப் பிடிச்சு உள்ள தள்ளிவிட்டான். அப்புறம் விருமாண்டிய நுழையச் சொன்னான். அவனத் தள்ளி விட, எல்லாருக்கும் கடைசியா, அவன் பின்னாடி மாயழகு நின்னான்.