மச்சான் வீட்டுக்குப் பறந்த கடுவன்

கடுவன் குரங்கு சூரப்பன் பறக்கும் வண்டியைப் பாறை உச்சிக்கு இழுத்து வந்தபோதே, அதன் மனைவி செவந்தி இரண்டடி பின்வாங்கியது. போன மாதம்தான் பிறந்த குட்டி, செவந்தியின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

அந்தக் காட்டில் அப்போது எல்லாருக்கும் பறக்கும் பைத்தியம். மூங்கில் சட்டம், தேக்கிலைகளைத் தைத்த இறக்கை, உட்காரப் பலகை, முன்னால் ஒரு தடி. வண்டி அவ்வளவுதான். தடியைத் தள்ளினால் மூக்கு தாழும், வேகம் கூடும். இழுத்தால் மூக்கு தூக்கும், வேகம் குறையும். ரொம்பக் குறைந்தால் வண்டி கல் மாதிரி விழும். குளத்துக் கூழைக்கடாப் பறவைதான் எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது.

சூரப்பன் படித்தது இரண்டே காலைப் பொழுது. அதுவும் இலைகூட அசையாத நேரத்தில், குளத்துக்கு மேலே. அதற்குள் தலைகால் புரியவில்லை! அதன் பிறகு பாடத்துக்கு மட்டம் போட்டுவிட்டது.

“ஏங்க, நடந்தே போயிடலாமே!” என்றது செவந்தி.

பள்ளத்தாக்குக்கு அக்கரையில் செவந்தியின் அண்ணன் குடியிருந்தது. குரங்குகளின் வழக்கப்படி குட்டிக்கு முதல் பழத்தைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். அன்றைக்குத்தான் அந்த விசேஷம்.

“நடந்து போனா யாரு மதிப்பா? போன தடவை உங்க அண்ணன் என்னை ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொன்னாரே! இன்னைக்கு வானத்துல போய் இறங்குறேன். வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கட்டும்!”

“யாரையும் கூட ஏத்தக் கூடாதுன்னு வாத்தியார் சொன்னாராமே?”

“அது கத்துக்குட்டிகளுக்குச் சொன்னது. எனக்கில்ல! ஏறு, ஏறு!”

விசேஷ நாளில் புருஷனோடு மல்லுக்கட்ட செவந்திக்கு மனசில்லை. குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு சூரப்பனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தது. பலகை கிறீச்சிட்டது.

வண்டி பாறையில் சறுக்கி ஓடி, காற்றில் ஏறியது. “பாத்தியா!” என்று கூவியது சூரப்பன். செவந்தி எங்கே பார்த்தது? கண்ணை இறுக மூடிக்கொண்டது.

உச்சி வெயில் நேரம். சூடேறிய பாறைகளிலிருந்து காற்று குபுகுபுவென்று கிளம்பியது. பள்ளத்தாக்கின் நடுவே வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, சட்டென்று கீழே இறங்கியது. செவந்தி கண்ணைத் திறந்தது. எங்கோ அடியில் ஆறு நூலாகத் தெரிந்தது. உயிரே போய்விட்டது!

“என்னங்க!”

சூரப்பன் தடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தது. மூக்கு தூக்கியது. வேகம் குறைந்தது. இறக்கை வெடவெடவென்று நடுங்கியது.

இதை எங்கிருந்தோ பார்த்துவிட்ட கூழைக்கடா பதறிப் பறந்து வந்தது. “டேய், தடியைத் தள்ளுடா! தள்ளு!”

சூரப்பன் தள்ளவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. பயம் வந்தால் குரங்கு கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறந்த நாள் முதல் அப்படித்தான். மரத்தில் அது உயிரைக் காப்பாற்றும். இங்கே அதுவே எமனாக வந்தது!

“விடுங்க! கையை விடுங்க!” என்று கத்தியது செவந்தி. சூரப்பனின் காதில் எதுவும் ஏறவில்லை.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குட்டி வீறிட்டது. செவந்தி யோசிக்கவில்லை. புருஷனின் தோளுக்கு மேலாக எட்டி, அதன் கையை நறுக்கென்று கடித்தது!

“ஐயோ!” சூரப்பன் தடியை விட்டுவிட்டது. மூக்கு கவிழ்ந்தது. வண்டி வேகம் பிடித்துச் சீறிக்கொண்டு இறங்கியது.

“இப்போ லேசா இழும்மா! லேசா!” என்றது கூழைக்கடா.

செவந்தி எட்டித் தடியைப் பிடித்து லேசாக இழுத்தது. வண்டி நிமிர்ந்தது. ஆனால் அக்கரை மூங்கில் புதர் எதிரே வந்துவிட்டது. சடசடவென்று எல்லாம் முறிந்தது!

செவந்தி எழுந்து வயிற்றைத் தடவியது. குட்டி இல்லை!

“என் குட்டி! என் குட்டி எங்கே?”

புதரைப் பிய்த்துப் பிய்த்துத் தேடியது. மூங்கில் முள் உடம்பெல்லாம் கிழித்தது. தலைக்கு மேலே மெல்லிய முனகல் கேட்டது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. செவந்தி அதை வாரி எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதது.

கால் முறிந்த சூரப்பன் நொண்டி நொண்டி வந்தது. “காத்து மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தது.

“பேசாதீங்க!” என்றது செவந்தி.

சூரப்பன் தலை குனிந்தது. பிறகு குட்டியைத் தூக்க மெல்லக் கையை நீட்டியது. எப்போதும் தாவி வரும் குட்டி, அப்பாவைப் பார்த்ததும் மிரண்டு அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அரைகுறையாகக் கற்றவன் தன் உயிரோடு விளையாடுவது மடத்தனம். தன்னை நம்பி ஏறியவர்களின் உயிரோடு விளையாடுவது பெரும் பாவம்.